மௌனத்திற் செவி வளர்க்கும் மூளைக் கலங்கள்

வட்டவளையின் ஆடி மழையை அறிந்தவர்கட்கு அதனை விரித்துக் கூற வேண்டுவதில்லை. அறியாதார் பொருட்டு ஒன்று சொல்லலாம்: இலங்கையிலே மிகுதியாக மழை பெறும் ஊர்களுள் அது ஒன்று, ஆண்டொன்றுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் அங்கே பொழிகின்றது. கொழும்பிலிருந்து பதுளை செல்லும் புகைவண்டி, கலபொடையைக் கடந்து, மூச்சு வாங்கியபடி மலையேறி அந்நிலையத்தை அடையும்போது, சாளரத்தைத் திறந்து வைத்திருக்கும் பிரயாணியைக் காண்பது அரிது. அத்தகைய மழை நாட்களுள் ஒன்றிலேதான், நான் பத்து வயதுச் சிறுவனாக இருந்த காலத்தில், என் சித்தப்பாவுக்கு வலிப்பு வந்தது.

அவர் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அதனை எங்கள் மக்கள் 'ஸ்டோர்' என்பார்கள். நல்ல உழைப்பாளி, பிள்ளைகளிடத்தில் அன்பு மிகுந்தவர். ஆனால் மாலை ஆறு மணிக்கு மேல் அவரைச் சாராயமின்றிக் கண்டவர் இலர். நாளடைவிற் காலையிலும் ஒரு வாய் வேண்டியதாயிற்று. அவ்வாண்டு மாரியம்மன் கோயிலின் ஆடித் திருவிழாவுக்குத் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டு, கையிற் காப்புக் கட்டினார். கட்டிய கணத்திலிருந்து ஒரு சொட்டும் தொடுவதில்லை என்று அம்மன் முன்னிலையிற் சத்தியமும் செய்தார். என் அப்பாயி அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. லயத்திலுள்ள அத்தனை வீட்டுக்கும் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்பினார்.

மறுநாட் காலையில் சித்தப்பாவின் கைகள் நடுங்கின. தேத்தண்ணீர்க் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. அந்தக் குளிரிலும் உடம்பு வியர்த்துக் கொட்டிற்று. அன்றிரவு திடீரென விழுந்து கைகால் வெட்டி இழுக்க, நாவைக் கடித்துக்கொண்டார். மூன்றாம் நாள் சுவரெங்கும் பூச்சிகள் ஊர்வதாகச் சொல்லிக் கத்தினார். என்னை யாரென்று அவருக்குத் தெரியவில்லை. விரதத்திலே ஏதோ தீட்டு நேர்ந்துவிட்டது, அம்மன் கோபங்கொண்டாள் என்றார் பூசாரி. அப்பாயி வேப்பிலையும் திருநீறுமாக ஓடினார். இறுதியில் பக்கத்துக் காம்பிராவில் இருந்த பெரியவர் ஒருவர் அரைக் கிளாஸ் சாராயத்தைக் கொண்டுவந்து மெல்ல மெல்லப் புகட்டினார். ஒரு மணி நேரத்திற்குள் நடுக்கம் தணிந்து சித்தப்பா உறங்கிப் போனார். "பாத்தீங்களா ஆத்தா? இவனுக்கு அதுதான் மருந்து. இனிமே நிப்பாட்டச் சொல்லாதீங்க" என்றார் அந்தப் பெரியவர்.

அதன்பின் எவரும் சித்தப்பாவை நிறுத்தச் சொல்லவில்லை. பதினோராண்டு கழித்து ஈரல் கெட்டு அவர் இறந்தார்.

குடியை விட்டவனுக்கு ஏன் வலிப்பு வரவேண்டும்? விட்டபடியால் வந்த நோய், மீண்டும் குடித்தவுடன் ஏன் தணிய வேண்டும்? இவ்வினா என்னைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. அதற்கான விடையை நெருங்கும் வழியொன்று, குடியோடும் கோயிலோடும் எவ்விதத் தொடர்புமற்ற ஓரிடத்தில், கண்ணாடித் தட்டொன்றில் வளர்ந்த எலியின் மூளைக் கலங்களிற் கிடைத்தது. அவ்வாராய்ச்சியில் முன்னின்ற இருவர் தமிழகத்தோடு தொடர்புடையவர்கள் என்பது நமக்கு மேலும் ஓர் ஈடுபாட்டைத் தருகின்றது.

முதலிற் கண்ணாடித் தட்டைப் பற்றிச் சில சொற்கள். தேயிலைக் கன்றை விதையிலிருந்து வளர்ப்பதை விட, நல்ல தாய்ச்செடியின் கிளையை ஓர் இலையோடு துண்டித்துப் பொலித்தீன் பையில் நட்டு, நிழலிட்டு, ஈரங்குன்றாமல் வளர்ப்பதே இன்று தோட்டங்களில் வழக்கம். அத்துண்டு செடியை விட்டுப் பிரிந்தும் உயிர் விடுவதில்லை. வேர் விட்டுத் தனக்கென ஒரு வாழ்வைத் தொடங்குகின்றது. மூளைக் கலங்களையும் ஏறத்தாழ இவ்வாறே வளர்க்கலாம். பிறவாத அல்லது புதிதாய்ப் பிறந்த எலிக் குட்டியின் மூளையிலிருந்து கலங்களைப் பிரித்தெடுத்து, உப்பும் சர்க்கரையும் பிற ஊட்டப் பொருள்களும் கலந்த திரவத்தில் இட்டு, உடற்சூட்டில் வைத்தால், அவை சில நாட்களுள் இழைகளை நீட்டி, ஒன்றையொன்று தேடிப் பிடித்து, தம்முட் செய்தி பரிமாறத் தொடங்கும். உயிருள்ள நரம்பிழை உடலுக்கு வெளியே வளர்வதை முதன்முதலில் 1907ஆம் ஆண்டில் தவளையின் இழையத்தைக் கொண்டு காட்டியவர் ரோஸ் ஹரிசன் என்னும் அமெரிக்கர். (கன்றுகளை வளர்க்கும் இடத்தை இலங்கையில் நாம் 'தவறணை' என்கிறோம், கள்ளும் சாராயமும் விற்கும் இடத்திற்கும் அதே பெயர்தான். இக்கட்டுரையில் இரண்டிற்கும் வேலை இருக்கின்றது.)

இனி அக்கலங்கள் தம்முள் எவ்வாறு பேசிக்கொள்கின்றன எனக் காண்போம். மனித மூளையில் ஏறத்தாழ 8600 கோடி நரம்புக் கலங்கள் உள்ளன. ஒரு கலத்தின் இழைநுனி மற்றொரு கலத்தை முற்றாகத் தொடுவதில்லை. இடையிலே நுண்ணியதோர் இடைவெளி உண்டு. அவ்விடத்தை நரம்பிணைப்பு என்பர். இழையின் வழியே மின்துடிப்பு ஓடி வந்து நுனியை அடைந்ததும், அங்குள்ள சின்னஞ்சிறு பைகள் வெடித்து, கடத்துபொருள் எனப்படும் இரசாயனப் பொருளை அவ்விடைவெளியிற் சிந்துகின்றன. எதிர்க்கரையில் அதனை ஏற்பதற்கென்றே அமைந்த புரதங்கள் உள்ளன. அவற்றிற்கு வாங்கிகள் என்று பெயர். கடத்துபொருள் வந்து பொருந்தியதும் வாங்கி கதவுபோலத் திறக்க, மின்னேற்றமுள்ள அணுக்கள் உட்புகுந்து அடுத்த கலத்தைத் தூண்டும் அல்லது அடக்கும். தூண்டும் கடத்துபொருள்களுள் தலையாயது குளுட்டமேற்று. அடக்கும் பொருள்களுள் தலையாயது காபா. குளுட்டமேற்றை ஏற்கும் வாங்கிகளுட் பெரும்பணி செய்வது 'அம்பா' எனப்படும் வாங்கி. நம் அம்பிகைக்கும் அதற்கும் எவ்வித உறவும் இல்லை. நீண்டதோர் இரசாயனப் பெயரின் முதலெழுத்துக்கள் அவ்வாறு அமைந்துவிட்டன.

வாயில் எத்தனை சொற்கள் வருகின்றன என்பது போலவே, செவி எவ்வளவு கூர்மையாக இருக்கின்றது என்பதும் பேச்சிற்கு முக்கியம். ஒரு நரம்பிணைப்பில் எத்தனை வாங்கிகள் நிற்கின்றனவோ அவ்வளவே அக்கலத்தின் செவிக் கூர்மை. இச்செவி நிலையானது என்றே நெடுங்காலம் பலர் எண்ணியிருந்தனர். கற்கும்போது சிற்சில இணைப்புகள் வலுப்பெறும், சில மெலியும் என்பது தெரிந்திருந்தது. ஆனால் ஒரு கலம் தான் கேட்கும் ஒலி முழுவதையும் அளந்து பார்த்து, அது குறைந்தால் தன் எல்லாச் செவிகளையும் ஒருங்கே கூர்மையாக்கும் என்பதை எவரும் தெளிவாகக் காட்டியிருக்கவில்லை.

அதனைக் காட்டியது 1998ஆம் ஆண்டு. அமெரிக்காவின் பிரண்டைஸ் சர்வகலாசாலையிலே ஜீனா டரிஜியானோ என்னும் பெண் விஞ்ஞானியும் அவரது துணைவரும் எலியின் மூளைப் புறணிக் கலங்களைத் தட்டில் வளர்த்து, அத்திரவத்திற் பேத்தை மீனின் நஞ்சை இட்டனர். அம்மீனை நம் கடற்கரை மக்கள் நன்கறிவர்; வலையில் அகப்பட்டாற் பலூன்போல் ஊதிக்கொள்ளும், உண்டால் உயிர் போகும். அதன் நஞ்சாகிய டெட்ரோடொடொக்சின், நரம்பிழையிற் சோடியம் புகும் வாயில்களை அடைத்து, மின்துடிப்பு எழாமற் செய்துவிடுகின்றது. கலம் சாவதில்லை, ஊமையாகின்றது. தட்டிலுள்ள கலங்கள் அனைத்தும் 48 மணி நேரம் இவ்வாறு ஊமையாக்கப்பட்டன.

பின்னர் ஒவ்வொரு கலத்தின் செவியையும் சோதித்தனர். அதற்கு வழியுண்டு. மின்துடிப்பு இல்லாத போதும், இழைநுனியிலுள்ள பை ஒன்று அவ்வப்போது தானே வெடிக்கும். அது எதிர்க்கரையிலே மிகச் சிறிய மின்னோட்டத்தை எழுப்பும். ஒரே ஒரு பையின் பொருளுக்குக் கலம் எவ்வளவு விடையிறுக்கின்றது என்பதை அதனால் அளவிடலாம். இரண்டு நாள் மௌனத்தில் இருந்த கலங்களில் அவ்விடை பெரிதும் வளர்ந்திருந்தது. வெளியே பேச்சு நின்றுவிட்டபடியால், கலம் தன் செவியை வளர்த்துக்கொண்டது!

மறுபுறமும் சோதித்தார்கள். அடக்கும் பொருளாகிய காபாவின் வாங்கிகளைப் பைகுகுலின் என்னும் மருந்தால் அடைத்தனர். கடிவாளம் அறுந்த குதிரைகள்போலக் கலங்கள் ஓயாது துடித்தன. ஆனால் 48 மணி நேரத்திற்குள் அவை தம் செவியைச் சுருக்கிக்கொண்டு, துடிப்பின் வேகத்தையும் ஏறத்தாழப் பழைய அளவிற்குக் கொண்டுவந்துவிட்டன. இவ்வாறு கூட்டும்போதும் குறைக்கும்போதும், ஒவ்வோர் இணைப்பும் தான் முன்பிருந்த வலிமைக்கேற்பவே மாறியது என்பது இதனினும் வியப்பு. அதாவது ஒரு வகுப்பில் எல்லா மாணாக்கருக்கும் பத்துப் புள்ளி கூட்டிப் போடவில்லை. ஒவ்வொருவரது புள்ளியையும் ஒரே எண்ணாற் பெருக்கியது போல. முதல்வன் முதல்வனாகவே இருக்கின்றான். நினைவுகள் இணைப்புகளின் ஏற்றத்தாழ்வில் எழுதப்பட்டிருப்பின், அவ்வெழுத்து அழியாமலே ஒலி கூட்டவோ குறைக்கவோ படுகின்றது.

அதே ஆண்டில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் சர்வகலாசாலையில் ரிச்சர்ட் ஹியூகனீர் குழுவினர், முண்ணாண் கலங்களை வளர்த்து, வாங்கிகளையே நேரிற் கண்டு இதனை உறுதிசெய்தனர். வாங்கிகள் கரையில் நிலையாக நிற்பன அல்ல. உள்ளிருந்து புதியன வந்தபடியும் பழையன உள்ளே இழுக்கப்பட்டு அழிந்தபடியும் இருக்கின்றன. துடிப்பு அடங்கிய கலத்தில் அவை கூடுதலான காலம் தங்குகின்றன, ஆகவே சேர்ந்துவிடுகின்றன. துடிப்பு மிகுந்த கலத்தில் விரைந்து கழிகின்றன, ஆகவே குறைந்துவிடுகின்றன. கொழுந்து மடுவத்திற் கூடைகள் வந்துகொண்டேயிருக்க, எடுத்துச் செல்லும் வண்டி தாமதித்தால் மடுவம் நிரம்பிவிடுவதைப் பார்த்திருக்கிறோமல்லவா, அதுபோல.

இவ்விடத்தில் நம்மவர் வருகின்றனர். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பொறியியல் கற்று, பின்னர் நரம்பியலுக்கு மாறி, ஹார்வர்ட் சர்வகலாசாலையிற் பேராசிரியரான வெங்கடேஷ் மூர்த்தி, தம் துணைவருடன் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், மௌனம் செவியை மட்டுமன்றி வாயையும் வளர்க்கின்றது எனக் காட்டினார். நினைவிற்கு இன்றியமையாததும், கடற்குதிரையின் உருவமுடையதென்று அதன் பெயரே கொண்டதுமான மூளைப் பகுதியின் கலங்களை அவர்கள் வளர்த்தனர். ஊமையாக்கப்பட்ட அக்கலங்களில், நரம்பிணைப்பே பருமனிற் பெருத்திருந்தது. கடத்துபொருளைச் சுமக்கும் பைகள் மிகுந்திருந்தன. ஒரு துடிப்பிற்குச் சிந்தும் பொருளும் கூடியிருந்தது.

அடுத்தவர் தாரா தியாகராஜன். கலிபோர்னியாவின் ஸ்டான்போர்ட் சர்வகலாசாலையிலே ரிச்சர்ட் சியன் என்பாரின் ஆய்வுகூடத்திற் கலாநிதிப் பட்டத்திற்காக உழைத்தவர். பின்னாளிற் சென்னையில், கிராமத்துப் பெண்களுக்குச் சிறுகடன் வழங்கும் மதுரா மைக்ரோ பைனான்ஸ் நிறுவனத்தின் தலைவராக இருந்தவர். மனித மூளையையும் மனத்தையும் ஆராயும் சாப்பியன் லாப்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கியவர். தமிழகத்துச் சிற்றூர் மக்களின் மூளை மின்னலைகளைப் பதிவுசெய்து ஆராய்ந்ததும் அவரது பணிகளுள் ஒன்று. வங்கிக் கணக்கும் மூளைக் கலமும் ஒருவர் கையில் எவ்வாறு சேர்ந்தன என்று வியப்போர், இரண்டிலும் வரவையும் செலவையும் கவனிப்பதே தொழில் என்று எண்ணித் தேறலாம்.

அவர் 2005ஆம் ஆண்டில், மற்றொருவருடனும் தம் ஆசானுடனும் சேர்ந்து, 'நியூரான்' என்னும் சஞ்சிகையில் வெளியிட்ட கட்டுரையே என் வினாவிற்கு நெருங்கி வந்தது. பேத்தை நஞ்சிற்குப் பதிலாக, அம்பா வாங்கிகளையே நேராக அடைக்கும் மருந்தொன்றை அவர்கள் இட்டனர். வாய் பேசுகின்றது, செவியில் மட்டும் பஞ்சு. அப்போதும் கலங்கள் முன்போலவே ஈடுசெய்தன. தான் செவிடாக்கப்பட்டதைக் கலம் எவ்வாறு அறிகின்றது? கலத்தின் சுவரிலே கல்சியம் புகும் வாயில்கள் உள்ளன. துடிப்பு மிகும்போது அவற்றின் வழியே கல்சியம் மிகுதியாக உட்புகும்; துடிப்பு அடங்கினால் அவ்வரவு குன்றும். அந்த வரவுக் குறைவே அறிகுறி. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை அன்றாடக் கொழுந்து நிறையைப் புத்தகத்திற் பார்த்து மலையின் நிலையை அறிவதுபோல, கலமும் கல்சியக் கணக்கைப் பார்த்துத் தன் நிலையை அறிகின்றது.

இதுவரை வந்த செய்தி மனத்திற்கு ஆறுதல் தருவது. கலம் தன் அளவைத் தானே காத்துக்கொள்கின்றது. குறைந்தாற் கூட்டும், கூடினாற் குறைக்கும். ஆங்கில நூல்கள் இதற்குச் 'சமநிலை காத்தல்' என்னும் பொருள்படும் பெயரிட்டு மகிழ்கின்றன. அப்பெயர் சற்றே அதிகமான நிம்மதியைத் தந்துவிடுகின்றது என்பது என் எண்ணம். ஏனெனில் தாரா தியாகராஜன் குழுவினர் கண்டது அவ்வளவோடு நிற்கவில்லை. அம்பா வாங்கி ஒவ்வொன்றும் நான்கு பலகை சேர்த்துச் செய்த கதவு போன்றது. வழக்கமான கதவில் இரண்டாம் வகைப் பலகை இடம்பெற்றிருக்கும். அது இருக்கும்வரை அக்கதவின் வழியே கல்சியம் நுழையாது. மௌனத்தில் வைக்கப்பட்ட கலங்களோ, முதலாம் வகைப் பலகையை மட்டும் கொண்டு செய்த கதவுகளை, அதிலும் பெரிய இணைப்புகளிலேயே, மிகுதியாக நிறுவியிருந்தன. அக்கதவுகள் கல்சியத்தையும் உள்ளே விடுவன. கல்சியமோ கலத்தினுள் அளவோடு இருக்கும்வரை அறிகுறி. அளவு மீறினால் நஞ்சு.

ஆகவே மௌனத்தில் இருந்து மீண்ட கலம், செவி சற்றுக் கூர்மையான பழைய கலம் அன்று. வேறு வகைக் கதவுகளைக் கொண்ட, வேறு இயல்பு பூண்ட கலம். 'சமநிலை' என்பதற்கும் அப்பாற்பட்ட ஆழ்ந்த மாற்றம் இது என்று அக்கட்டுரை ஆசிரியர்களே குறித்துள்ளனர்.

அவ்வாறு மாறிய கலத்திடமிருந்து, அதனை அடக்கி வைத்திருந்த மருந்தைத் திடீரெனக் கழுவி எடுத்துவிட்டால் என்ன நேரும்? பேத்தை நஞ்சில் நாட்கணக்கில் இருந்த கலங்களை நல்ல திரவத்திற்கு மாற்றியபோது, அவை முன்னிருந்த அளவிற்குத் திரும்பவில்லை. அதனினும் பன்மடங்கு வெறிகொண்டு, கூட்டங்கூட்டமாகத் துடித்தன. தட்டிலே நிகழ்ந்த அத்துடிப்பை முதன்முதலிற் படித்தபோது, லயத்துத் திண்ணையில் வெட்டி இழுத்துக் கிடந்த சித்தப்பாவின் கைகால்களே என் கண்முன் வந்தன.

ஆயினும் ஆசிரியன் என்ற முறையில் இங்கு எச்சரிக்கை கூற வேண்டும். சாராயமும் பேத்தை நஞ்சும் ஒன்றல்ல. எலியின் கலம் மனிதனின் மூளையும் அன்று. சாராயம் சோடிய வாயிலை அடைத்துக் கலத்தை ஊமையாக்குவதில்லை. அது இரண்டு வேலை செய்கின்றது. அடக்கும் காபா வாங்கிகளின் கையை வலுப்படுத்துகின்றது. குளுட்டமேற்றின் மற்றொரு வகை வாங்கியாகிய என்.எம்.டீ.ஏ. என்பதனைத் தளர்த்துகின்றது. இரண்டாலும் மூளை மந்தமாகின்றது. குடிப்பவன் தேடும் மறதியும் அமைதியும் இவைதாம். அன்றாடம் இவ்வாறு மந்தப்படுத்தப்படும் மூளை, தட்டிலுள்ள கலம் செய்ததையே தன் வழியிற் செய்கின்றது: காபாவிற்குச் செவி கொடுப்பதைக் குறைத்து, குளுட்டமேற்றிற்குச் செவி கொடுப்பதைக் கூட்டுகின்றது. சாராயம் கலந்த திரவத்திற் சில நாட்கள் வளர்க்கப்பட்ட கலங்களில் என்.எம்.டீ.ஏ. வாங்கிகள் மிகுந்து செயற்படுவது 1990களிலேயே காணப்பட்டது. இதனாலேதான் பழைய மயக்கத்தைப் பெறப் பழைய அளவு போதாமற் போகின்றது. மாலையில் ஒரு கிளாஸ் என்பது இரண்டாகி, பின்னர் காலையிலும் வேண்டியதாகின்றது.

இந்நிலையில் ஒரு புனித நாளிலே அந்த மனிதன் சாராயத்தை முற்றாக நிறுத்துகின்றான். மிதித்துக்கொண்டிருந்த தடையை எடுத்தாயிற்று. ஆனால் எதிர்த்துத் தள்ளுவதற்கென மூளை வளர்த்த வாங்கிகள் அனைத்தும் அங்கேயே நிற்கின்றன. அவை கழிந்து பழைய நிலை வருவதற்கு நாட்கள் செல்லும். அவ்விடைக்காலத்தில் கை நடுங்கும், வியர்க்கும், உறக்கம் வராது. கடைசியாகக் குடித்த நேரத்திலிருந்து 6 முதல் 48 மணி நேரத்திற்குள் சிலர்க்கு வலிப்பு வருகின்றது. இரண்டாம் நாள் முடிவிலிருந்து நான்காம் நாள்வரை, சிலர்க்கு அறிவு தடுமாறி, இல்லாத பூச்சிகளும் உருவங்களும் தோன்றுகின்றன. காய்ச்சலும் நெஞ்சுத் துடிப்பும் ஏறுகின்றன. சிகிச்சையின்றி விட்டால் இதில் உயிர் போவதும் உண்டு. எங்கள் லயத்தில் நிகழ்ந்தவை இக்கால அட்டவணையிலிருந்து அணுவளவும் பிசகவில்லை. அம்மனுக்குக் கோபமும் இல்லை, விரதத்தில் தீட்டும் இல்லை.

வலிப்பிற்குக் காரணம் நிறுத்தியதே என்பதையும் ஐயமறக் கண்டவர்கள் உண்டு. அமெரிக்காவின் லெக்சிங்டன் நகரிலே, ஹரிஸ் இஸ்பெல் என்னும் மருத்துவரும் துணைவரும் 1955இல் வெளியிட்ட ஆராய்ச்சி அது. முன்பு மோர்பீன் பழக்கத்திற்கு ஆளாகிச் சிறைத் தண்டனை பெற்றிருந்தவர்கட்கு, நல்ல உணவும் விற்றமின்களும் குறையாமல் அளித்து, வாரக்கணக்கில் அன்றாடம் மது கொடுத்துப் பின் திடீரென நிறுத்தினர். நீண்ட நாள் குடித்தவர்களுக்கே வலிப்பும் மனத்தடுமாற்றமும் கடுமையாக வந்தன. உணவுக் குறைவால் வருவது என்ற பழைய கருத்து அத்துடன் வீழ்ந்தது. அத்தகைய சோதனையைக் கைதிகள் மீது நடத்த இன்று எந்நாட்டிலும் இசைவு கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. ஆனால் அதனாற் பெற்ற அறிவை நாம் பயன்படுத்தாமல் விடுவது அவர்கள் பட்ட துன்பத்தை வீணாக்குவதாகும்.

அரைக் கிளாஸ் சாராயம் நடுக்கத்தைத் தணித்ததன் காரணமும் இப்போது விளங்கும். எடுத்த தடையை மீண்டும் வைத்தார் பக்கத்து வீட்டுப் பெரியவர். அவர் கண்ணாற் கண்டது பொய்யன்று. அதிலிருந்து கொண்ட முடிபுதான் தவறிற்று. மருத்துவர்களும் ஒரு வகையில் அதனையே செய்கின்றனர். சாராயத்திற்குப் பதிலாக, அதே காபா வாங்கியின் கையை வலுப்படுத்தும் டயசிபாம் முதலிய மாத்திரைகளைக் கொடுத்து, வலிப்பு வராமற் காத்து, வாங்கிகள் தம் பழைய தொகைக்கு மீளும் வேகத்திற்கு ஏற்ப அம்மாத்திரையை ஒரு வார அளவிற் குறைத்துக் குறைத்து நிறுத்துகின்றனர். நெடுநாட் குடிகாரருக்கு உடலிற் குன்றியிருக்கும் தயமின் என்னும் விற்றமினையும் சேர்த்துக் கொடுப்பார்கள். ஆதலின் அன்றாடம் மிகுதியாகக் குடிப்பவர், வீட்டிலே ஒரே நாளில் நிறுத்துவதற்கு முன் வைத்தியரைக் காண்பது அவசியம். வலிப்பு நோய்க்கெனவும் உறக்கத்திற்கெனவும் நெடுங்காலம் மாத்திரை உண்பவர்கட்கும் இதே நியாயம் பொருந்தும். "இப்போது குணமாகிவிட்டதே" என்று மாத்திரையைத் தாமாகவே நிறுத்தி, மறு வாரமே விழுந்து அடிபட்டவர்களைத் தோட்டங்களில் நான் கண்டிருக்கிறேன்.

இத்தனைக்கும் இடையில் நம் தேத்தண்ணீரை மறந்துவிடலாகாது. மலையக மக்கள் மூன்று தலைமுறைக்கு மேலாகக் கொழுந்து கிள்ளி உலகிற்குக் கொடுத்த அப்பானத்திலும் இதே கதை, தீங்கில்லாத அளவில், நடக்கின்றது. மூளையில் அடினோசின் என்றொரு பொருள் உண்டு. அது தன் வாங்கியிற் பொருந்தினால் அயர்வு வரும். தேயிலையிலுள்ள காபீன் அவ்வாங்கியில் முந்திச் சென்று அமர்ந்து, அடினோசினுக்கு இடமில்லாமற் செய்கின்றது. அதனால் நாம் விழிப்படைகின்றோம். அன்றாடம் இவ்வாறு அடைக்கப்பட்ட விலங்குகளின் மூளையில் அடினோசின் வாங்கிகள் எண்ணிக்கையிற் பெருகியிருப்பதைக் கண்டுள்ளனர். சிவராத்திரிக்கும் கந்தசஷ்டிக்கும் உபவாசம் இருப்போர் பலருக்குப் பிற்பகலில் எழும் தலைவலி, பசியால் மட்டும் வருவதன்று. காலைத் தேத்தண்ணீர் இல்லாமற் போனதே அதற்குப் பெருங்காரணம். என் மனைவி இதனை ஒப்புக்கொள்வதில்லை. வலிப்போ மரணமோ இதில் இல்லை; இரண்டு நாளில் உச்சமடைந்து, சில நாட்களில் அகன்றுவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவன் ஒருவன், வகுப்பு முடிந்தபின் தயங்கித் தயங்கி வந்து நின்றான். "சேர், எங்க அப்பா வர்ற வெள்ளிக்கெழம காப்புக் கட்டப் போறாரு. அன்னையிலேர்ந்து குடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்காரு" என்றான். அவன் முகத்திற் பெருமை தெரிந்தது. வட்டவளைக்கு அருகிலுள்ள தோட்டம், அதே மாரியம்மன், அதே ஆடி மாதம். நான் அவனை அமரச் சொல்லி, எலியின் கலத்தையும் பேத்தை மீனையும் பற்றி ஏதேதோ சொன்னேன். அவன் விளங்கிக்கொண்டானோ என்னவோ. சித்தப்பாவின் கதையைச் சொன்னபோதுதான் அவன் பெருமை மறைந்து அச்சம் வந்தது. மறுநாள் அவன் வீட்டிற்குச் சென்றேன். தந்தையார் முதலில் இசையவில்லை. "சாமிக்குச் சொன்ன சொல்லு சார், ஆஸ்பத்திரியில போயி எப்படி?" என்றார். காப்புக் கட்டும் நாளைச் சற்றுத் தள்ளி வைத்தாற் குற்றமில்லை என்று அவ்வூர்ப் பூசாரியே சொல்லிய பிறகுதான் அவர் மனம் இளகியது. அப்பூசாரிக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

எட்டு நாள் விடுதியில் இருந்தார். மாத்திரை நாளுக்கு நாள் குறைந்தது. கை நடுங்கியது, உறக்கம் கெட்டது, வலிப்பு வரவில்லை. அதன்பின் வந்த ஆண்டுகளில் அவர் இரண்டு முறை வழுக்கி விழுந்து மீண்டும் எழுந்தார் என்பதையும் மறைப்பதற்கில்லை. தவறணை அவர் லயத்திலிருந்து அரை மைல் தூரமே.

அவ்வாண்டுத் திருவிழாவிற்கு நானும் போயிருந்தேன். மழை விட்டபாடில்லை. தப்பு முழங்க, ஈரப் படிகளில் தீச்சட்டி ஏந்தி அவர் ஏறி வந்தார். சட்டியைப் பிடித்த கை அசையவில்லை. நெருப்பு அவிந்துபோகாதபடி, அவருக்கு அன்று, சட்டிக்குக் குடை பிடித்துக்கொண்டு, நனைந்தபடியே மகன் பக்கத்தில் நடந்து வந்தான்.